வீடற்றோர் பணிக்குப் பயிற்சி பெற வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம் மாநகரில் வீடற்றோர் தங்குமிடம் ஒன்றுக்கு மேலாளராக இருக்கிறேன். இந்தப் பணிக்கு வர விரும்பும் கல்லூரி மாணவர்களுக்கு மூன்று மாதக் களப்பயிற்சியும் அளித்து வருகிறேன். ஒவ்வொரு பருவத்திலும் முதல் நாள் வகுப்பில் எழும் சந்தேகங்களும், அன்று மாலையே பெற்றோர் தொலைபேசியில் கேட்பவையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர் கேட்டபடியே எழுதி, என் பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

வீடற்றவங்கன்னா பிச்சை எடுக்கிறவங்கதானே சார்?

இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கட்டடத்துக்குள் குடியிருக்காமல் சாலையோரம், நடைபாதை, மேம்பாலத்தின் அடி, கோயில் மண்டபம், ரயில் நடைமேடை போன்ற இடங்களில் வாழ்வோரை வீடற்றோர் என்று வரையறுத்து, அவர்களை எண்ணுவதற்கென்றே அந்த ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி இரவை ஒதுக்கியது. நாடு முழுவதும் கிடைத்த எண்ணிக்கை ஏறத்தாழ 17.7 லட்சம். ஒருவர் எப்படிப் பிழைக்கிறார் என்பதை அந்த வரையறை கேட்பதில்லை. எங்கே உறங்குகிறார் என்பதை மட்டுமே கேட்கிறது.

சேலத்தில் இரவு சுற்றி வந்தால் இது கண்ணுக்கே தெரியும். லீ பஜாரில் பகலெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு அதே கடையின் திண்ணையில் படுப்பவர் இருக்கிறார். கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவும் பெண்கள், முகூர்த்தம் இல்லாத மாதங்களில் அறை வாடகை கொடுக்க முடியாமல் பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுகிறார்கள். அம்மாப்பேட்டையில் முப்பது வருடம் தறியில் உட்கார்ந்து, பார்வை மங்கியதும் வேலையும் வீடும் சேர்ந்தே போனவர் உண்டு. ஜி.எச்.-இல் கணவருக்குத் துணையாக வந்து, அவர் இறந்தபின் ஊருக்குத் திரும்ப முகமில்லாமல் இங்கேயே தங்கிவிட்ட பெண் உண்டு. பிச்சை எடுப்போரும் இவர்களுக்கு நடுவே இருக்கிறார்கள். ஆனால் எல்லாரையும் அந்த ஒரு சொல்லில் அடைத்துவிட்டால், யாருக்கு என்ன தேவை என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும்.

இதுக்கெல்லாம் பயிற்சி எதுக்கு? சேவை மனப்பான்மை இருந்தா போதாதா?

போதாது. சேவை மனப்பான்மையோடு வந்தவர்களில் பலர் இரண்டாம் வாரத்திலேயே கோபத்தோடு திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். தாம் கொண்டுவந்த சாப்பாட்டைப் பெற்றுக்கொண்டவர் நன்றி சொல்லவில்லை என்பதே அந்தக் கோபத்துக்குக் காரணமாக இருந்தது. இது சம்பளத்துக்குச் செய்யும் வேலை. தையலும் மின்பணியும் எப்படிக் கற்றுக்கொள்ளப்படுகின்றனவோ, அப்படித்தான் இதையும் கற்றுக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள சான்டா மோனிகா கல்லூரி, வீடற்றோர் சேவைப் பணிக்கென்றே ஒரு சான்றிதழ்ப் படிப்பை நடத்துகிறது. நம் நாட்டில் இந்த வேலைக்கு வழி திறந்தது, எல்லாருக்கும் உணவு கிடைக்கக் கோரி உச்ச நீதிமன்றத்தில் நடந்த உணவு உரிமை வழக்கு. டெல்லிக் குளிரில் தெருவில் கிடப்போர் நிலை 2010-இல் அந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு தங்குமிடம் என்ற அளவுகோல் அதன்பின் எல்லா மாநிலங்களுக்கும் பொருந்துவதாயிற்று. 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதைத் திட்டமாக்கியது: ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்கும் தங்குமிடம், ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம், பொருள்களை வைக்கப் பூட்டுப்பெட்டி, முழுநேர மேலாளர் ஒருவர், எட்டு மணி நேர முறையில் மாறி மாறிப் பணியாற்றக் காப்பாளர்கள் மூவர். 2011 கணக்குப்படி சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 8.29 லட்சம் என்பதால், அந்த அளவுகோலின்படி இங்கே எட்டு தங்குமிடங்கள் இருக்க வேண்டும். அவற்றுக்கு எத்தனை காப்பாளர்கள் தேவை என்று பெருக்கிப் பார்த்தால் பயிற்சி எதற்கு என்ற கேள்வி எழாது.

என்ன படிச்சிருக்கணும்?

காப்பாளர் பணிக்குப் பிளஸ் டூ முடித்தவரையும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். களப்பணியாளருக்கு ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் நல்லது. சமூகப்பணிப் பட்டமே வேண்டும் என்பதில்லை. வேலையில் சேர்ந்தபின் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இளநிலை அல்லது முதுநிலைச் சமூகப்பணி படித்துக்கொள்ளலாம். ஆலோசனை அளிக்கும் ஆற்றுப்படுத்துநர், மேலாளர் போன்ற பதவிகளுக்குப் போக அந்தப் பட்டம் உதவும்.

நேர்காணலில் நான் பார்ப்பவை வேறு. கையெழுத்து பிறர் படிக்கும்படி இருக்கிறதா, சொன்ன நேரத்துக்கு வருகிறாரா, ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க முடிகிறதா. மூன்றாவதுதான் பெரும்பாலோருக்குச் சிரமமாக இருக்கிறது.

முதல் வாரம் என்ன செய்யச் சொல்வீங்க?

இரவில் நடக்கச் சொல்வோம். பத்தரை மணிக்கு, ஈரடுக்காகக் கட்டப்பட்டிருக்கும் பழைய பேருந்து நிலையத்தில் தொடங்கி, சுகவனேசுவரர் கோயில் சுற்றுப்புறம், ஜி.எச். வாசல், கோட்டைப் பகுதி என்று மூன்று மணி நேரம் சுற்றுவோம். முதல் இரண்டு இரவுகள் யாருடனும் பேசக் கூடாது. எண்ணவும் கவனிக்கவும் மட்டுமே வேண்டும். யார் தனியாகப் படுக்கிறார், யார் எப்போதும் வெளிச்சத்துக்குக் கீழே இடம் பிடிக்கிறார், யாருடைய செருப்பு தலைமாட்டில் இருக்கிறது, யாரிடம் செருப்பே இல்லை என்று கவனிக்க வேண்டும். வெளிச்சத்தைத் தேடிப் படுப்பவர் பெரும்பாலும் பெண்ணாகவோ, முன்பு ஒருமுறை திருட்டுக்கு ஆளானவராகவோ இருப்பார். செருப்பு இல்லாதவரின் பாதத்தை மறுநாள் பகலில் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளியாக இருந்தால் அங்கே புண் இருக்கக்கூடும்.

மூன்றாம் இரவில் பேசத் தொடங்கலாம். உறங்குபவரை எழுப்பக் கூடாது. விழித்திருப்பவர் பக்கத்தில் நின்றுகொண்டு குனிந்து பேசாமல், கையெட்டாத தூரத்தில், அவருடைய பாயை மிதிக்காமல் தரையில் உட்கார வேண்டும். மூட்டையைத் தொடவே கூடாது. ஒரு மார்கழி இரவில் பயிற்சி மாணவர் ஒருவர், குளிரில் சுருண்டு கிடந்தவர்மேல் சொல்லாமல் போர்வையைப் போர்த்திவிட்டார். யாரோ மூட்டையைப் பறிக்கிறார்கள் என்று எண்ணி அவர் அலறியதில் அந்த நடைமேடையே எழுந்துவிட்டது. போர்வை நல்லதுதான், கேட்காமல் போர்த்தியதுதான் தவறு.

எப்படி அழைப்பது என்பதும் இந்த வாரத்துப் பாடம்தான். "தாத்தா" என்று தொடங்கிய ஒரு மாணவருக்கு, "முதல்ல பேரைக் கேளு தம்பி, உறவெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்" என்று பதில் கிடைத்தது. அன்றிலிருந்து அதையே விதியாக வைத்திருக்கிறோம். பெயர் தெரியும்வரை ஐயா, அம்மா, அண்ணே. தெரிந்தபின் பெயரோடு சேர்த்து. ஒருமையில் யாரையும் அழைக்கக் கூடாது, அவர் நம்மை ஒருமையில் அழைத்தாலும்.

ஆதார் இல்லாதவரைச் சேர்க்கலாமா? பதிவேட்டில் என்னதான் எழுதுறது?

சேர்க்க வேண்டும். அடையாள அட்டை இருந்தால்தான் இடம் என்று சொல்லும் தங்குமிடம், யாருக்காகக் கட்டப்பட்டதோ அவரையே வாசலில் நிறுத்திவிடுகிறது. முதல் இரவில் எழுத வேண்டியவை: அவர் சொல்லும் பெயர், தோராயமான வயது, வந்த நேரம், உடலில் காயம் அல்லது நோய், சாப்பிடும் மாத்திரை, கொண்டுவந்த பொருள்கள், அவசரத்துக்கு யாரிடம் சொல்ல வேண்டும் என்பது. பதிவேட்டின் அந்தக் கடைசிக் கட்டத்துக்கு "யாரும் வேண்டாம்" என்று சொன்னால் அதையே எழுத வேண்டும். ஊர், சாதி, ஏன் வீட்டைவிட்டு வந்தார் என்பதை எல்லாம் முதல் இரவில் கேட்கக் கூடாது. கேட்டால் பொய்தான் வரும். பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்றிக்கொள்ள அவர் நம்மைத் தவிர்ப்பார்.

ஆவணங்களைப் பொறுமையாகத் தேடிக்கொள்ளலாம். அங்கீகரிக்கப்பட்ட தங்குமிடத்தின் பொறுப்பாளர் வழங்கும் சான்றிதழை ஆதார் பதிவுக்கு ஆவணமாக ஏற்கிறார்கள். மூட்டை தூக்கியவருக்கும் தறி நெய்தவருக்கும் விரல் ரேகை தேய்ந்திருக்கும் என்பதால், கருவிழிப் பதிவைச் சரியாக எடுக்கச் சொல்லி உடனிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். வாக்காளர் பட்டியலில் சேர்வதற்கு வீடற்றவர் முகவரிச் சான்று தர வேண்டியதில்லை. படிவம் 6-இல் குறிப்பிட்ட இடத்தில் அவர் உறங்குகிறாரா என்பதை வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் நேரில் வந்து, அதுவும் ஓர் இரவோடு நிறுத்தாமல், பார்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. இதைச் சொன்னால் மாணவர்கள் நம்புவதில்லை. அலுவலர்களிலும் சிலருக்கு இது புதிய செய்தியாகவே இருக்கிறது.

ஆதாரும் வங்கிக் கணக்கும் கிடைத்துவிட்டால், தகுதியுள்ள முதியவருக்கு மாதம் 1,200 ரூபாய் முதியோர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2023-இல்தான் இத்தொகை ஆயிரத்திலிருந்து உயர்த்தப்பட்டது. அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி வாங்குபவருக்கு 1,200 ரூபாய் எவ்வளவு பெரிய தொகை என்பதை மாணவர்கள் கணக்குப் போட்டே பார்க்கட்டும்.

எங்க பொண்ணை இந்த வேலைக்கு அனுப்பலாமா சார்? ராத்திரி டியூட்டி எல்லாம் இருக்குமே?

அனுப்பலாம். ஆனால் எங்களிடம் எந்தக் கேள்வியும் கேட்காமல் அனுப்பாதீர்கள். இரவுச் சுற்றில் ஆணோ பெண்ணோ யாரும் தனியாகப் போவதில்லை. குறைந்தது இருவர், அவர்களில் ஒருவர் அனுபவமுள்ளவர். போகும் வழியும் திரும்பும் நேரமும் பலகையில் எழுதப்பட்டிருக்கும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை தங்குமிடத்துக்குத் தகவல் வர வேண்டும். பெண்களுக்கான தங்குமிடத்தில் காப்பாளர்கள் பெண்களே. வேறெங்கேனும் சேர்வதாக இருந்தால், இரவுப் பணி முடிந்து வீடு திரும்ப வாகன வசதி உண்டா, காப்பாளர் தனியாக இருக்கும் நேரம் உண்டா என்ற இரண்டையும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அனுப்ப வேண்டாம்.

தெருவில் வாழும் ஆண்களைப் பார்த்துத்தான் பெற்றோர் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் எங்கள் பெண் பணியாளர்களுக்குத் தொல்லை தந்தவர்களில் பெரும்பாலோர் வீடுள்ளவர்களாகவே இருந்தார்கள்.

சம்பளம் எவ்வளவு வரும்? நிரந்தரமாகுமா?

தொடக்கச் சம்பளம் நகரத்து ஜவுளிக்கடை விற்பனையாளரின் சம்பளத்தை ஒட்டியே இருக்கும். பெரும்பாலான தங்குமிடங்களை உள்ளாட்சியின் சார்பில் தொண்டு நிறுவனங்கள் நடத்துவதால் பணி ஒப்பந்த அடிப்படையிலானது. நிதி வரத் தாமதமானால் சம்பளமும் தாமதமாகும். இதை மறைத்து ஆள் சேர்ப்பது தவறு என்று நினைக்கிறேன். இங்கே பெறும் அனுபவம், முதியோர் இல்லம், போதை மறுவாழ்வு மையம், குழந்தைகள் பாதுகாப்புப் பணி, மருத்துவமனைச் சமூகப்பணி ஆகியவற்றுக்குப் போகும்போது செல்லுபடியாகும்.

குடிச்சிட்டு வந்தா உள்ளே விடலாமா?

இதற்கு விடலாம், கூடாது என்று ஒரே சொல்லில் பதில் எதிர்பார்க்கிறார்கள். எங்கள் நடைமுறை இது: உள்ளே குடிக்கக் கூடாது, பாட்டில் கொண்டுவரக் கூடாது, குடித்திருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காகக் கதவை மூடுவதும் கூடாது. சண்டைக்கு நிற்கிறாரா, நடக்க முடிகிறதா, பேசினால் பதில் வருகிறதா என்பதைப் பார்த்து முடிவெடுக்கிறோம். அமைதியாக வந்து படுப்பவரை வாசலுக்கு அருகில், ஒருக்களித்துப் படுக்க வைத்து, இரவில் இரண்டு மூன்று முறை மூச்சைக் கவனிக்கிறோம். எழுப்பினாலும் எழாதவர், மூச்சு சீரற்றவர், தலையில் அடிபட்டவர் ஆகியோரை, "போதை தெளிந்தால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடாமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். தலைக்காயத்தைப் போதை மறைத்துவிடும்.

மாணவர்களுக்குத் தெரியாத இன்னொரு ஆபத்து, குடிக்காமல் இருப்பதில் வருவது. பல வருடங்களாகத் தினமும் குடித்தவர், நம் அறிவுரையைக் கேட்டோ கையில் காசில்லாமலோ திடீரென்று நிறுத்தும்போது, ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் கை நடுக்கம், கடும் வியர்வை, காய்ச்சல், இல்லாத பூச்சிகளையும் ஆள்களையும் பார்த்துப் பேசுவது ஆகியவை தோன்றினால், அது உயிருக்கே ஆபத்தான நிலை. "குடியை விட்டுட்டேன்" என்று ஒருவர் பெருமையோடு சொன்னால், பாராட்டுவதற்கு முன் கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்டுக் குறித்துவைத்து, மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

வலிப்பு வந்தால் சாவிக்கொத்தையோ இரும்பையோ கையில் திணிப்பது நம் ஊர் வழக்கம். அதனால் பயன் ஏதுமில்லை. வாயில் எதையும் வைக்காமல், கைகால்களை அழுத்திப் பிடிக்காமல், தலைக்குக் கீழே துணியை மடித்து வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, வலிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, குடியை நிறுத்தியவருக்கு வந்தாலோ, 108.

மனநலம் பாதிச்சவர் தெருவில் இருந்தா போலீசைக் கூப்பிடலாமா? அடிச்சிடுவாங்களே?

அழைக்கலாம், சட்டம் அவர்களுக்குக் கடமையை வகுத்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவின்படி, தன்னைக் கவனித்துக்கொள்ள இயலாத நிலையில் மனநோயோடு திரிபவரைக் காவல்துறையினர் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டும். எந்தச் சூழலிலும் அவரைக் காவல் நிலைய அறையிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. வீடற்றவராக இருந்தால், காணாமற்போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். மருத்துவர் பரிசோதித்து, உள்நோயாளியாகச் சேர்க்கத் தேவையில்லை என்று சொன்னால், வீடற்றோருக்கான அரசு நிலையத்துக்கு அழைத்துவர வேண்டும். நம் தங்குமிடம் இந்தச் சங்கிலியில் வருவது அங்கேதான். மாணவர்கள் இந்தப் பிரிவைத் தமிழில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் பயிற்சியின் கட்டாய விதி. காவல் நிலையத்தில் சட்டம் பேசிச் சண்டை போடுவதற்காக இதைச் சொல்லவில்லை; பணியிலிருக்கும் எழுத்தருக்குக் காட்டினால் வேலை விரைவாக நடக்கிறது.

காவல்துறையை அழைக்கும் அளவுக்கு நிலைமை இல்லையென்றால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். சேலம் ரயில்வே ஜங்ஷனில் இறங்குவோரில் பலருக்குத் தமிழ் தெரியாது. மொழி புரியாமல் பேசாதிருப்பவரை மனநோயாளி என்று எழுதிவிடும் தவறு மிக எளிதாக நடக்கிறது. இந்தி, வங்காளம், ஒடியா, தெலுங்கு ஆகியவற்றில் "உங்கள் பெயர் என்ன, சாப்பிட்டீர்களா, எங்கே வலிக்கிறது" என்ற மூன்று கேள்விகளையாவது கற்றுக்கொள்ளுங்கள்.

ஒருத்தர் வரமாட்டேன்னா என்ன செய்றது? நல்லதுக்குத்தானே, தூக்கிட்டு வந்துடலாமே?

கூடாது. முந்தைய பதிலில் சொன்ன நிலை, அல்லது உயிருக்கு உடனடி ஆபத்து ஆகியவை தவிர, மறுக்கும் ஒருவரைத் தூக்கிவர நமக்கு உரிமையில்லை. தமிழ்நாட்டில் 1945-ஆம் ஆண்டின் பிச்சை தடுப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தெருவில் இருப்போர் அதன் பெயரைக் கேட்டிராவிட்டாலும், வண்டி வந்து ஆள்களை ஏற்றிப்போகும் என்ற அச்சம் அவர்களிடம் நிரந்தரமாக இருக்கிறது. நாமும் வண்டியோடு போய் நின்றால் அவர்கள் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

மறுப்பவரிடம் காரணம் இருக்கும். லீ பஜாரில் விடியற்காலை மூன்று மணிக்கு லோடு இறங்கும்போது அங்கே இல்லாவிட்டால் அன்றைய கூலி போய்விடும். இரவில் பூட்டும் எங்கள் கதவோ முன்பெல்லாம் ஐந்து மணிக்குத்தான் திறந்தது. ஒருவரிடம் நாய் இருக்கும். கணவனும் மனைவியும் தனித்தனி விடுதிக்குப் பிரிய மறுப்பார்கள். முன்பு எங்கோ தங்கியபோது மூட்டை களவு போயிருக்கும். இவற்றில் பாதி, தங்குமிடத்தின் விதிகளை மாற்றினாலே தீர்ந்துவிடும். நாங்கள் மூன்று மணிக்குக் கதவு திறக்கத் தொடங்கிய பிறகு, அதுவரை வர மறுத்த சுமைதூக்குவோர் சிலர் வந்து சேர்ந்தார்கள். ஒன்பது மாதம் மறுத்த ஒரு பெண்மணி, பூட்டுப்பெட்டியின் சாவியைத் தம் கையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று காட்டிய அன்று மாலை வந்தார். ஒன்பது மாதமும் மாணவர்கள் வாரம் ஒருமுறை போய், "இன்னைக்கு எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு வந்தார்கள்; தங்குமிடத்தின் பேச்சை ஒவ்வொரு முறையும் எடுக்கவில்லை.

கைக்குழந்தையோட ஒரு பொண்ணு தெருவில் இருந்தா குழந்தையை மட்டும் மீட்கலாமா?

குழந்தையைத் தாயிடமிருந்து பிரிப்பது முதல் நடவடிக்கையாக ஒருபோதும் இருக்கக் கூடாது. இருவரையும் சேர்த்துத் தங்க வைக்கும் இடத்தைத் தேட வேண்டும். தாய் வன்முறையிலிருந்து தப்பி வந்தவர் என்றால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம். துணையின்றித் தனியாகக் காணப்படும் குழந்தை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்ல வேண்டும். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் முன்னிலைப்படுத்த வேண்டும். தங்குமிடத்தில் ஓரிரவு வைத்துக்கொண்டு காலையில் பார்க்கலாம் என்று நினைப்பது, எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்தாலும், தகவல் தராமல் செய்தால் தவறு.

முடி வெட்டிக் குளிப்பாட்டுற வீடியோவைப் போட்டா சொந்தக்காரங்க பார்த்துக் கண்டுபிடிப்பாங்களே? ஏன் தடுக்கிறீங்க?

அப்படிக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வீடியோவில் ஒருவர் அரை நிர்வாணமாக, முடியில் சிக்கோடு, தம் நிலை தமக்கே தெரியாத நேரத்தில் காட்டப்படுகிறார். சிகிச்சையில் தெளிந்தபின் அவர் வேலை கேட்டுப் போகும் இடத்திலும் அதே வீடியோ இருக்கும். அதை அழிக்க அவரால் முடியாது. மனநலப் பராமரிப்புச் சட்டமும், சிகிச்சை பெறுபவரின் படத்தையும் தகவலையும் அவர் சம்மதமின்றி ஊடகத்தில் வெளியிடுவதைத் தடை செய்கிறது. இன்னொன்றும் இருக்கிறது: வீடியோவைப் பார்ப்பவர் எல்லாரும் நல்ல உறவினர் அல்லர். கணவனின் அடிக்குப் பயந்து ஓடிவந்த பெண்ணின் இருப்பிடத்தை நாமே அவனுக்கு அறிவித்துவிடக்கூடும்.

குடும்பத்தைத் தேடக் காவல்துறையின் வழியைப் பயன்படுத்துங்கள். அந்தக் காணாமற்போனோர் அறிக்கையைப் பற்றி மேலே சொல்லியிருக்கிறேன். பயிற்சிக் காலத்தில் பணிநேரத்தில் கைப்பேசிக் கேமரா தடை. இதை ஏற்காத மாணவர்களை, எவ்வளவு திறமையிருந்தாலும், அனுப்பிவிடுகிறோம்.

சொந்தக்காரங்களைக் கண்டுபிடிச்சு அனுப்பிட்டா வேலை முடிஞ்சதுதானே?

நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். பக்கத்து மாவட்டத்து முதியவர் ஒருவர் தம் மகனின் ஊரையும் தொழிலையும் பேச்சுவாக்கில் சொன்னார். நான் அவரைக் கேட்காமலேயே விசாரித்து, மகனைத் தொலைபேசியில் பிடித்து, மறுநாள் வரச் சொல்லிவிட்டு, மகிழ்ச்சியான செய்தி என்று அவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. விடிவதற்குள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். சொத்தை எழுதி வாங்கிக்கொண்டபின் அந்த மகன் அவரை என்ன செய்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மீண்டும் அவரை நாங்கள் பார்க்கவில்லை.

ஆகவே வரிசை இது: முதலில் அவரிடம் கேட்க வேண்டும்; அவர் சம்மதித்தால், யாரிடம், என்ன சொல்லலாம் என்பதையும் அவரே முடிவு செய்ய வேண்டும்; பேசும்போது அவர் உடனிருக்க வேண்டும். சொத்தைப் பறித்துக்கொண்டு விரட்டிய பிள்ளைகள்மீது, 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின்கீழ் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம் என்பதையும், முதியோர் உதவி எண் 14567 இருப்பதையும் சொல்லலாம். மனு கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது. வீடு திரும்பியவரிடம் ஒரு மாதம் கழித்துப் பேசிப் பார்ப்பதும் நம் வேலையில் சேர்ந்ததே.

ஏற்காட்டில் களப்பயிற்சி உண்டா? அங்கே யாரும் தெருவில் படுக்கிறதில்லையே?

படுத்தால் குளிரில் தாங்க முடியாது என்பதால் தெருவில் காண்பது அரிது. காப்பித் தோட்டத் தொழிலாளர்களுக்கு, 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் வழியில், வேலையோடு சேர்ந்தே, தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடு வந்தது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. சொந்த நிலமோ பிள்ளைகளின் வீடோ இல்லாத முதியவர், கொஞ்ச நாள் தெரிந்தவர் திண்ணையில் இருந்துவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலத்துக்கு வந்துவிடுகிறார். நம் பதிவேட்டில் அவர் சேலத்து வீடற்றவராகத்தான் பதிவாகிறார்.

இந்தத் தங்குமிடத் திட்டம் நகர்ப்புறத்துக்கானது. ஏற்காடு ஊராட்சி ஒன்றியம். அதனால் மலையில் தனித் தங்குமிடப் பயிற்சி இல்லை. ஒரு நாள் மட்டும் மாணவர்களை அழைத்துப் போகிறோம். வீட்டை இழப்பது எங்கே தொடங்குகிறது என்பதை லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டால் நன்றாகப் புரிகிறது.

ரெண்டு மாசத்திலேயே மனசு விட்டுப்போகுது. இது என் பலவீனமா?

இல்லை. நீங்கள் பார்ப்பது அப்படிப்பட்டவை. வாரத்தில் ஒரு நாள் எல்லாரும் உட்கார்ந்து பேசும் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். தங்குவோருக்குச் சொந்தப் பணத்தைக் கடன் கொடுக்காதீர்கள். உங்கள் எண்ணைக் கொடுக்காமல் தங்குமிடத்தின் எண்ணைக் கொடுங்கள். இவ்வளவும் செய்தும் உறக்கம் வராவிட்டால் 14416 உங்களுக்கும் உரிய எண்தான். விலகுவது என்று முடிவெடுத்தால், முன்கூட்டியே சொல்லிவிட்டு, தங்குவோரிடம் நேரில் விடைபெற்றுப் போங்கள். சொல்லாமல் போனவர்கள் அவர்கள் வாழ்வில் ஏற்கெனவே நிறையப் பேர்.

தங்கியிருந்தவர் இறந்துட்டா என்ன செய்யணும்?

காலையில் எழாதவரைக் கண்டால் முதலில் 108. இறந்துவிட்டார் என்று நீங்களே முடிவு செய்யக் கூடாது. மரணம் உறுதியானால் காவல் நிலையத்துக்கு எழுத்துமூலம் தகவல் கொடுக்க வேண்டும். இயற்கையான மரணமா என்பதில் ஐயமிருந்தால் காவல்துறை விசாரணையும் உடற்கூறாய்வும் நடக்கும். உறவினரைத் தேடும்வரை உடல் ஜி.எச். பிணவறையில் இருக்கும். பதிவேட்டில் பெயரும் தோராயமான வயதும் தொடர்பு எண்ணும் எழுதப்பட்டிருந்தால், அவர் "அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 60" என்று அந்தக் கோப்பில் ஏறமாட்டார். முதல் இரவிலேயே அந்தக் கட்டங்களை நிரப்பச் சொல்லி நான் நச்சரிப்பது இதற்காகத்தான். "யாரும் வேண்டாம்" என்று எழுதச் சொன்னவர் என்றால், அதையும் காவல்துறையிடம் அப்படியே சொல்லிவிட்டு, அடக்கத்துக்கு நம்மில் இருவராவது போகிறோம்.

அவருடைய பூட்டுப்பெட்டியை ஒருவர் தனியாகத் திறக்கக் கூடாது. இரண்டு பணியாளரும் அதே அறையில் தங்கியிருந்த ஒருவரும் முன்னிலையில் திறந்து, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எழுதி, மூவரும் கையெழுத்திட்டுக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். சில்லறைக் காசையும் எண்ணி எழுத வேண்டும். பழைய பேருந்துச் சீட்டு, கிழிந்த புகைப்படம், மாத்திரை அட்டை எதையும் குப்பை என்று விட்டுவிடக் கூடாது. பெட்டியின் சாவியை அடுத்தவருக்கு மறுநாளே கொடுக்காமல், ஒரு வாரம் கழித்துக் கொடுப்பது எங்கள் தங்குமிடத்து வழக்கம்.